இனிப்பும் இறையும்: சீனிப் பான வரியின் அறம் குறித்த ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

அரசுக்கும் குடிகளுக்கும் இடையே உள்ள உறவுகளுள் மிகப் பழையதும் மிகக் கசப்பானதும் இறை என்னும் உறவேயாம். கொள்வோன் கையிற் கோல் உண்டு; கொடுப்போன் கையில் அஃது இல்லை. அதனாலன்றோ கோலோடு நின்று பொருள் கேட்கும் வேந்தனை, வேலோடு நின்று வழிப்பறி செய்வானோடு வள்ளுவர் ஒப்பிட்டார். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அறிவுரை கூறிய பிசிராந்தையாரும், நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்கு ஊட்டுதற்கும் யானையையே வயலில் இறங்கவிடுதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி, வரி கொள்ளும் நெறியை உணர்த்தினார். இவ்விருவர் நோக்கும் எவ்வளவு கொள்வது, எவ்வாறு கொள்வது என்பனவற்றின் மேலதாகும். இன்று நம் முன் நிற்கும் வினா சற்றே வேறானது. கொடுப்போனுடைய நலத்தின் பொருட்டே அவனிடம் இறை கொள்ளலாமோ? அவன் நாவின் விருப்பத்தைத் திருத்துதற்கு அவன் மடியிற் கை வைத்தல் அறமாகுமோ?

இவ்வினாவை யான் நூல்களிலிருந்து பெற்றிலேன். ஒரு மாணவனிடமிருந்து பெற்றேன். திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளியையும் கடந்து, களப்பு கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்த மீன்பிடி ஊர் இறக்கக்கண்டி. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி கற்பிக்கும்போது, நேர்வரி, நேரில்வரி என்னும் பாகுபாட்டை விளக்கப் புகுந்து, சீனி கலந்த பானங்களின் மேல் அரசு விதித்த வரியை எடுத்துக்காட்டினேன். ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்துண்பவன் யான். ஆதலின் அவ்வரியைச் சற்றே உற்சாகத்தோடு புகழ்ந்தேன் என்றல் வேண்டும். பின்வாங்கிலிருந்த ஒரு சிறுவன் எழுந்து, "அந்தக் காசில எங்கட பக்கத்துக்கு நல்ல தண்ணி வருமா, சேர்?" என்று வினவினான். வகுப்பு சிரித்தது. யான் சிரித்திலேன், விடையும் கூறிலேன். குழாய்நீர் எட்டாத வளவுகளிற் கோடைக்காலத்தில் கிணற்றுநீர் உவர்ப்பதும், கரைவலை இழுத்துக் களைத்தவன் கடைக்குச் சென்று குளிர்ந்த போத்தலொன்றை வாங்குவதும் யான் அறியாதன அல்ல. அச்சிறுவனுக்குக் கூற வேண்டிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

வரியின் வரலாறு

இலங்கையில் இவ்விடயம் இரு படிகளாக வந்தது. முதற்படி அறிவுறுத்தல். 2016 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தாற் காட்டுதல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறையின் பச்சை. வீதிச் சந்தியில் நிற்கும் சமிக்ஞை விளக்கை ஒத்த இக்குறி, எழுத்தறியாதவனுக்கும் பொருள் உணர்த்துவது, எவரையும் தடுப்பதன்று.

இரண்டாம் படி வரி. 2017 நவம்பர் 9ஆம் திகதி நிதியமைச்சர் மங்கள சமரவீர பாராளுமன்றத்திற் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தின்வழி, பானங்களிலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. நூற்றுக்குப் பத்துக் கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றை எடுத்துக்கொள்வோமாயின், அதிலுள்ள சீனி 40 கிராம். வரி 20 ரூபாய். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சேர்ப்புச் சீனி ஏறக்குறைய 25 கிராமுக்குள் அடங்கின் நன்று என்பது 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் வெளியிட்ட வழிகாட்டலின் கருத்து. ஆகவே ஒரு போத்தலிலேயே ஒரு நாட் பங்கும் அதற்கு மேலும் அடங்கிவிடுகின்றது. ஏறக்குறைய ஓராண்டில், 2018 இறுதியில் அரசியல் நெருக்கடி மூண்டிருந்த நாட்களில், அவ்வரி கிராமுக்கு 30 சதமாகக் குறைக்கப்பட்டது. பின்னரும் அது திருத்தங்களுக்கு உள்ளாயிற்று.

பிற நாடுகளையும் ஒருவாறு நோக்குவோம். மெக்சிக்கோ 2014 சனவரி முதல் லீற்றருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதலாண்டில் அப்பானங்களின் கொள்வனவு சராசரியாக ஏறக்குறைய 6 விழுக்காடும், குறைந்த வருவாயுள்ள குடும்பங்களில் 9 விழுக்காடும் குறைந்தன என ஆய்வாளர் கண்டனர். பிரித்தானியா 2018 ஏப்பிரிலில் வேறொரு முறையைக் கையாண்டது. 100 மில்லிலீற்றரில் 5 கிராமுக்குக் குறைந்த சீனியுள்ள பானத்துக்கு வரியில்லை. 5 முதல் 8 கிராமுக்குள் லீற்றருக்கு 18 பென்ஸ். அதற்கு மேல் 24 பென்ஸ். அதற்கு ஈராண்டுகள் முன்னரே இவ்விதி வரப்போவதை அறிவித்தமையால், உற்பத்தியாளர் தம் செய்முறையை மாற்றினர். வரிக்குட்பட்ட பானங்களில் சீனியின் சராசரி அளவு சில ஆண்டுகளில் 40 விழுக்காட்டுக்கு மேற் குறைந்தது. இந்தியாவோ 2017 சூலை முதல் சரக்கு சேவை வரியும் ஈட்டுத் தீர்வையுமாக இனிப்பூட்டிய காற்றேற்றிய பானங்களின் மேல் 40 விழுக்காடு கொண்டது. 2025 செப்ரெம்பர் 22 முதல் அதனையே ஒரே விகிதமாக்கியது. ஆயின் அங்குச் சீனி மிகுதியாயினும் குறைவாயினும், சீனிக்கு ஈடாக வேறு இனிப்பூட்டி கலந்திருப்பினும் வரி ஒன்றே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

பரபக்கம்

ஒரு கொள்கையை ஆராய்வார் முதலில் மாற்றார் கூற்றை அவர்தம் வலிமை குன்றாமல் எடுத்துரைத்தல் நம் சமய நூலாசிரியர் வகுத்த நெறி. சிவஞான சித்தியார் பரபக்கத்தை முன்வைத்தே சுபக்கத்துக்குச் செல்லும். அந்நெறி நின்று, இவ்வரியை மறுப்பார் கூற்றுக்களை நான்காகத் தொகுத்துக் கூறுவேன்.

முதலாவது, உரிமை பற்றியது. ஒருவன் எதனை உண்பான், எதனைப் பருகுவான் என்பது அவனுடைய உடலையும் அவனுடைய மனத்தையும் மாத்திரம் சார்ந்தது. அதனாற் பிறர்க்குத் தீங்கு விளையாதவிடத்து அரசு தலையிடுதல் தகாது. யோன் ஸ்ருவாட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், ஒரு பொருளைப் பெறுதற்கரிதாக்கும் நோக்கம் ஒன்றே கொண்டு வரி விதித்தல், அப்பொருளை முற்றாகத் தடுத்தலோடு அளவாலன்றி வகையால் வேறுபடாது என்று வாதிட்டார். விலையுயர்வு என்பது, உயர்ந்த விலையைக் கொடுக்க மாட்டாதவனுக்குத் தடையே.

இரண்டாவது, ஏழைமை பற்றியது. மேற்கூறிய 20 ரூபாய், நகரத்துச் செல்வனுக்குப் பொருட்டன்று. நாட்கூலிக்கு வலை இழுப்பவனுக்குப் பொருட்டாகும். வருவாய் குறையக் குறைய வரியின் சுமை கூடுமாயின், அவ்வரி நீதியின் நேர்மாறன்றோ? செல்வர் உண்ணும் வெண்ணெய்ப் பலகாரங்களை விட்டு வறியவன் கையிலுள்ள போத்தலைப் பறிப்பானேன்?

மூன்றாவது, உள்நோக்கம் பற்றியது. கடனில் மூழ்கிய அரசு, காசு வேண்டி எங்கும் துழாவுகின்றது. நலம் என்பது அது போர்த்துக்கொண்ட போர்வை. வரிப்பணம் பொதுத் திரட்டில் விழுந்து கரைந்துபோக, நீரிழிவாளன் எதைப் பெற்றான்?

நான்காவது, சமனின்மை பற்றியது. போத்தலிலுள்ள சீனியும் தேநீரிலுள்ள சீனியும் குருதியிற் கலந்தபின் ஒன்றே. மூன்று கரண்டி சீனியிட்டு நாளொன்றுக்கு ஆறுமுறை தேநீர் அருந்துபவனை விட்டு, வாரத்துக்கு ஒருமுறை சோடா குடிப்பவனைத் தண்டித்தல் எந்த நியாயத்தின்பாற்படும்?

இந்நான்கும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. நலம் பேசுவாருட் சிலர், இவற்றைப் பானக் கம்பனிகளின் கூலிக்குரல் என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுகின்றனர். கூறுவான் யார் என்பது கூற்றின் மெய்ம்மையைத் தீர்மானியாது. கூற்றையே நோக்குவோம்.

சுபக்கம்

உரிமை பற்றிய வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மில்லின் கூற்றைப் பாதியோடு நிறுத்துவார் பலர். அவர் அதே இடத்தில் மேலும் சென்று, அரசின் வருவாய்க்கு வரி இன்றியமையாதது. பெரும்பகுதி நேரில்வரியாகவே அமைதல் தவிர்க்கவியலாதது. ஆதலின் மக்கள் எவற்றை இழந்தும் வாழக்கூடுமோ, அவற்றுள்ளும் மிகின் தீங்காவன எவையோ, அவற்றைத் தேர்ந்து வரி விதித்தல் தக்கதே என்று உடன்பட்டார். அவர்க்கு முன்னரே அடம் சிமித் 1776இல், சீனியும் மதுவும் புகையிலையும் எங்கும் வாழ்வின் அத்தியாவசியங்கள் அல்ல, ஆயினும் எங்கும் நுகரப்படுவன, ஆகவே வரிக்கு மிக ஏற்றன என்று கருதினார். எனவே உரிமை நூலோரை முற்றாகத் தம் பக்கத்தார் என்று மறுப்பார் கொள்ளுதல் இயலாது.

இதனினும் ஆழமான விடை ஒன்றுண்டு. கிராம் கணக்கில் அமைந்த வரி, குடிப்பவனுடைய நாவை மாத்திரம் நோக்கியதன்று. ஆக்குவானுடைய கையை நோக்கியது. போத்தலில் எவ்வளவு சீனி இடுவது என்பதைத் தீர்மானித்தவன் குடிப்பவன் அல்லன். அவனுக்குத் தெரிவு இரண்டே: வாங்குதல், வாங்காது விடுதல். அளவைத் தெரிந்தவன் ஆலையிலுள்ளான். அவன் ஒரு கிராமைக் குறைத்தால் வரியில் ஒரு பங்கு குறையும் என்னும்போது, அரசு குடியானவனுடைய உரிமையிற் குறுக்கிடவில்லை. வணிகனுடைய கணக்கிற் குறுக்கிடுகின்றது. பிரித்தானியாவில் நிகழ்ந்தது இதுவே. மக்கள் வழக்கம்போல் வாங்கினர். அவர்கள் வாங்கியதிலிருந்த சீனி குறைந்திருந்தது. இந்திய முறையில் இப்பயன் விளைதல் அரிது. சீனியைக் குறைப்பவனுக்கும் கூட்டுபவனுக்கும் அங்கு ஒரே தண்டம். இவ்வகையில் நம் நாடு 2017இல் தேர்ந்த கிராம் முறை, அறத்தாலும் அறிவாலும் மேம்பட்டது என்பதை மறைத்தல் வேண்டா. ஆயின், சீனி போன இடத்தில் செயற்கை இனிப்பூட்டி புகுவதும் உண்டு. உடற்பருமனைக் குறைத்தற்கு அவற்றை நம்ப வேண்டா என்று 2023இல் உலக சுகாதார தாபனம் அறிவுறுத்தியது. இவ்வெச்சரிக்கையையும் உடன் கூறாவிடின் நம் வாதம் முழுமையாகாது.

பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். உரிமை என்பது தெரிந்து தெளியும் வயதினர்க்கு உரியது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிற் சீனிப் பானம் விற்றலாகாது என்னும் விதி உண்டு. பாடசாலை வாயிலுக்கு எதிரேயுள்ள கடையில் அதே பானத்தின் வண்ணப்படம் சுவரளவு நிற்கின்றது. ஒரு பக்கத்தில் பல கோடி ரூபாய் விளம்பரமும் மறுபக்கத்தில் பத்து வயதுக் குழந்தையும் நிற்கும்போது, இடையே அரசு நிற்றலைத் தலையீடு என்று கூறுதல் பொருந்தாது.

இனி ஏழைமை. இதுவே எனக்கு மிக்க தொல்லை தந்த வாதம். இவ்வரி ஏழையின்மேல் மிகுதியாக வீழ்கின்றது என்பது உண்மை. ஆனால் நோயும் அவ்வாறே வீழ்கின்றது என்பது அதனோடொத்த உண்மை. 2005, 2006 ஆண்டுகளை ஒட்டி இலங்கையில் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தவருள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நிலைமை அதன்பின் மோசமாயிற்றேயன்றிச் சீர்ப்பட்டிலது. என்னிடம் பயின்று கடலுக்குச் சென்றவன் ஒருவன், முருகைக்கல் கீறிய சிறு புண்ணைப் பொருட்படுத்தாது விட்டு, கால்விரல் இரண்டை இழந்தான். வெறுங்காலோடு மணலிலும் உப்புநீரிலும் நிற்பது அவன் தொழில். மருத்துவம் இந்நாட்டில் இலவசம் என்பர். மருந்துக்கு அவன் காசு கொடுத்ததில்லை. ஆயினும் ஒவ்வொரு கிளினிக் நாளும் அவனுக்கு ஒரு நாள் மீன்பாட்டின் இழப்பு. பஸ் கட்டணமும் துணைக்கு வரும் மனைவியின் ஒரு நாள் உழைப்பும் அதனோடு சேரும். இவ்விழப்பை எந்த வரவு செலவுத் திட்டமும் வரி என்று பெயரிட்டு அறிவித்ததில்லை. ஆயினும் அது வரியே. வறியவனிடமே மிகக் கடுமையாகத் தண்டப்படும் வரி.

மேலும், ஏழைக்காக இரங்குவார் எப்போது இரங்குகின்றனர் என்பதையும் கவனித்தல் வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. நம் கரையிற் சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. அன்று படகுகள் கரையிற் கிடந்தன. 2024 சனவரி முதல் பெறுமதிசேர் வரி 18 விழுக்காடாயிற்று. இவற்றை இழந்து எவனும் வாழ்தல் இயலாது. சோடாவை இழந்து வாழலாம். உப்புக்கு வெள்ளையர் விதித்த வரி கொடியதாயிற்று. எவனும் உப்பின்றி உண்ண முடியாது என்பதே அதற்குக் காரணம். 1930இல் காந்தியடிகள் தண்டிக்கும் இராஜாஜி வேதாரணியத்துக்கும் நடந்ததன் நியாயம் அதுவே. உப்பையும் சோடாவையும் ஒரே தட்டில் நிறுத்தல் தகாது.

இவ்வளவில் வாதம் முடிந்ததென்று கருதியிருந்தேன். அம்மாணவன் கேள்வியே அதனை முடியவொட்டாது தடுத்தது. சோடாவை இழந்து வாழலாம் என்றேன். நீரை இழந்து வாழலாமோ? குடிக்கத்தக்க நீர் கைக்கெட்டும் இடத்தில் சோடா ஓர் ஆடம்பரம். கிணறு உவர்க்கும் இடத்தில், போத்தல் நீரும் போத்தற் சோடாவும் அருகருகே விலைக்கு நிற்கும் கடையில், அது முற்றும் ஆடம்பரமன்று, ஒரு தெரிவு. அத்தெரிவை மாற்றென்று பணிக்கும் அரசு, மாற்றுப் பொருளைக் காட்டக் கடமைப்பட்டது. ஆகவே ஏழைமை பற்றிய வாதம் வரியை வீழ்த்துவதன்று. ஆனால் வரிக்கு ஒரு நிபந்தனை இடுகின்றது. வறியவனிடம் பெற்றது வறியவனுக்குத் திரும்புதல் வேண்டும். அதுவும் அவன் கண்காணத் திரும்புதல் வேண்டும்.

மூன்றாவதாகிய உள்நோக்க வாதத்துக்கு வருவோம். ஓர் அரசின் நெஞ்சத்தை நாம் அறிதல் இயலாது. அதன் செயலை அளத்தல் இயலும். அளவுகோல் ஒன்றை வரலாறு தருகின்றது. உப்புக்காகச் சிறை சென்ற அதே இராஜாஜி, சென்னை மாகாண முதல்வராகி, 1937 ஒக்ரோபரிற் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளும் சாராயமும் தந்த வருவாய் குன்றியது. அவ்விழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அவ்விற்பனை வரி நன்றோ தீதோ என்பது வேறு வழக்கு. மதுவிலக்கின் பயனும் வேறு வழக்கு. ஈண்டு நாம் கொள்ள வேண்டுவது ஒன்றே. தீயதை உண்மையாகக் குறைக்க விழைபவன், அதனால் வரும் வருவாய் குறைவதை முன்னறிந்து வேறு வழி தேடுவான். தீயதிலிருந்து வருவாயை விழைபவன், அது குறையாதபடி பார்த்துக்கொள்வான். நலம் கருதிய வரிக்கு இலக்கணம், தன் வருவாய் ஆண்டுதோறும் குறையக் கண்டு மகிழ்தலாம்.

இவ்வளவுகோலால் நம் அரசின் செயலை அளப்போமாயின் என்ன காண்கின்றோம்? 2017இற் போத்தற் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம், அதாவது கிலோவுக்கு 500 ரூபாய். ஓராண்டில் அது கிலோவுக்கு 300 ரூபாயாயிற்று. செய்முறை திருந்துதற்குப் போதிய காலமும் கொடுக்கப்படவில்லை. நாளை விகிதம் மாறிவிடும் என எதிர்பார்க்கும் ஆலைக்காரன் ஏன் தன் செய்முறையை மாற்றுவான்? பின்னர் 2020 ஒக்ரோபரில், இறக்குமதியாகும் வெள்ளைச் சீனியின் மேலிருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் அரசு இழந்தது 1,500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவிற் பேசப்பட்டது. நுகர்வோனோ அதற்கேற்ற விலைக்குறைவைக் கண்டானல்லன். அவ்வறவீடு மீண்டும் 50 ரூபாயானது 2023 நவம்பரிலேதான். 2017இற் போத்தலுக்கு விதித்த விகிதத்தையும் 2020இற் சாக்குக்கு விதித்த விகிதத்தையும் ஒப்பிடின், ஒன்று மற்றதன் இரண்டாயிரம் மடங்கு. இவை ஒரே நாளின் விகிதங்கள் அல்ல. ஆயினும் ஒரே நாட்டின் விகிதங்கள், மூவாண்டு இடைவெளியில். முன்வாயிலில் நின்று சீனி தீது என்று முழங்கிய அரசு, பின்வாயிலை அகலத் திறந்துவைத்தது. ஆகவே உள்நோக்கம் பற்றிய ஐயம் ஆதாரமற்றது என்று யான் கூறேன். ஐயத்துக்கு இடந்தந்தது அரசே. எனினும் தவறாக நடத்தப்பட்டமையால் ஒரு கொள்கை தவறாகிவிடாது. மருத்துவன் மருந்தை இடையில் நிறுத்தினான் என்பதால் மருந்து நஞ்சாகாது.

நான்காவது, சமனின்மை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். கிலோவுக்கு 50 ரூபாய் அறவீடு இருக்கும்போது, தேநீரில் இடும் கரண்டிக்கு வரி 25 சதம். கிராமுக்கு 50 சதம் என்னும் விகிதத்திற் போத்தலிலுள்ள அதே கரண்டிக்கு வரி 2 ரூபாய் 50 சதம். பத்து மடங்கு. இதற்கு நியாயம் உண்டோ? ஓரளவு உண்டு. தேநீர்க் கோப்பையிற் கரண்டியைப் பிடித்தது நம் கை. மூன்றை இரண்டாக்கவும் இரண்டை ஒன்றாக்கவும் நமக்கு இயலும். பழையவர் பனங்கட்டியை ஒரு கடி கடித்துச் சாயத்தண்ணீரை அருந்தினர். இனிப்பு நாவிலிருந்தது, கோப்பை நிறைய இல்லை. போத்தலிற் கரைந்து குளிர்ந்து மறைந்து நிற்கும் எட்டுக் கரண்டியை அவ்வாறு குறைத்தல் இயலாது. மறைந்ததற்கு மிகுதியும் வெளிப்பட்டதற்குக் குறைவுமாக வரி அமைதல் முற்றிலும் முறையற்றதன்று.

ஆயினும் இவ்விடையாற் பிரச்சினை தீர்ந்ததென்று கூறுதல் என்னைப் பொறுத்தவரை நேர்மையாகாது. நம் ஊர்களிற் சீனி மிகுதியாக உடலிற் புகுவது போத்தல் வழியாகவன்று. தேநீர் வழியாகவும், விருந்தினர்க்குத் தட்டில் வைக்கும் பலகாரங்கள் வழியாகவுமாம். வீட்டுக்கு வந்தவர்க்குச் சீனி குறைத்துத் தேநீர் கொடுத்தல் கையிறுக்கமாகக் கருதப்படும் ஊர் நம் ஊர். இந்துவீடாயினும் முஸ்லிம்வீடாயினும் இது பொது. இவ்வழக்கத்தை வரி மாற்றாது. எனவே இவ்வரி நீதியானதே, ஆயினும் சிறியது. நோயின் வேரை அறுக்கும் கோடரி என்று அதனைப் புகழ்ந்தமை யான் வகுப்பிற் செய்த பிழை.

முடிபு

மேற்கூறியவற்றால் விளங்குவன இவை. சீனிப் பானங்களின் மேல் வரி விதித்தல் அறத்துக்கு மாறானதன்று. அது குடிப்பவனைத் தண்டியாது, ஆக்குவானைத் திருத்தும் வகையில் அமையுமாயின் அறத்தோடு இயைந்ததுமாம். ஆனால் அது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. வரியின் விகிதம் கிராம் கணக்கில் அமைந்து, அரசியற் காற்றுக்கு அசையாது, பல ஆண்டுகளுக்கு முன்னறிவிக்கப்பட்டு நிற்றல் வேண்டும். சீனிக்கு ஒரு வாயிலை அடைத்து மறுவாயிலைத் திறத்தல் கூடாது. பெற்ற பணம் பெயர் சொல்லி, எண்ணிக் காட்டி, எவரிடமிருந்து வந்ததோ அவர்க்கே நீராகவும் மருத்துவமாகவும் திரும்புதல் வேண்டும்.

இம்மூன்றாவது நிபந்தனை பிறநாட்டு நூல்களிலிருந்து இறக்குமதி செய்தற்குரியதன்று. குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, அதன் நீர் பாயும் வயல்களின் விளைவைக் கோணேசர் கோயிற் பணிகளுக்கு உரியதாக்கினான் என்று கோணேசர் கல்வெட்டின் வழிவந்த மரபு கூறும். குளத்தின் காலமும் அதனைக் கட்டினோன் பெயரும் பற்றி வரலாற்றாசிரியர் வேறு கூறுவர், அது நிற்க. கொடுத்தவன் தான் கொடுத்தது எங்குச் சென்றது என்பதை அறிந்திருந்தான் என்னும் கருத்தே இம்மரபின் உயிர். அதே கந்தளாயில் செக்கோசிலோவாக்கியாவின் துணையோடு எழுந்த சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. சீனி இப்போது கப்பலில் வருகின்றது. கந்தளாய்க் குளத்து நீரோ, குழாய் வழியே திருகோணமலைக்கு இன்றும் வருகின்றது. அந்நீர் வடகரையிலுள்ள ஒவ்வொரு வளவையும் எட்டும்வரை, சோடாவின் மேல் விதித்த வரியைப் பற்றி இறக்கக்கண்டிப் பிள்ளைக்கு முழு விடை கூறும் தகுதி நமக்கு இல்லை.

இக்கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் நிருவாகத்திலும் மருத்துவத்திலும் நிதித்துறையிலும் அமர்ந்திருப்பார் பலர். அவர்க்கு இக்கட்டுரை ஒரு விண்ணப்பம்: இவ்வரியை நீக்கென்று கேட்பார்க்கும், உயர்த்தென்று கேட்பார்க்கும், அப்பணம் எங்கே என்னும் கேள்வியை முதலில் நினைவூட்டுக. இங்குக் கற்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள்: வரியால் மாறாதது வழக்கத்தால் மாறும், அடுத்தமுறை விருந்தினர்க்குத் தேநீர் கலக்கும்போது, சீனியைத் தனியே ஒரு கிண்ணத்தில் வைத்து அளவை அவர் விருப்பத்துக்கு விடுக. என் வீட்டில் அவ்வாறே செய்கின்றோம். முதற் சில நாட்கள் உறவினர் முகம் சுளித்தனர். இப்போது கேளாமலே கிண்ணத்தைத் தம் பக்கம் நகர்த்தி அளந்திடுகின்றனர்.

அச்சிறுவனுக்கு இன்னும் விடை கூறவில்லை. அடுத்த தவணையில் அதே பாடம் மீண்டும் வரும். வரி நன்று என்று தொடங்காது, அவன் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அதிலிருந்தே தொடங்குவதாக எண்ணியிருக்கின்றேன்.